பிள்ளைகளுக்குப் புரியுற மாதிரி கேட்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நான் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறவள். பள்ளிக்கூடங்களிலும் அரசு மருத்துவமனையிலும் பிள்ளைகளோடு பேசுவது என் வேலை. இந்த விழாவுக்கு அழைக்கும்போது தலைவி அக்கா சொன்னாங்க: "எங்க குழுக்கள்ல இப்ப பெரிய தலைவலி, பசங்க போன்ல காசு கட்டி ஆடுறதுதான். அதைப் பத்திப் பேசுங்க. ஆனா போன் கெட்டதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. அது எங்களுக்கே தெரியும்." அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். ஒரு பிள்ளை காசு வைத்து ஆடுகிறானா, அந்தப் பழக்கம் அவனைப் பிடித்துக்கொண்டதா என்று தெரிந்துகொள்ள என்ன கேட்கணும், எந்த வார்த்தையில் கேட்கணும்? இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

கேள்வி கேட்பதற்கு ஒரு பேச்சா என்று நினைக்காதீங்க. ஒரு அம்மா என்னிடம் வந்தாங்க. மாடு வாங்க என்று குழுவில் உள்கடன் எடுத்து, பிளஸ் டூ படிக்கும் மகன் வெளியில் வாங்கியிருந்த பணத்தை அடைத்திருக்காங்க. மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே கதை. குழுவில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பையன் படித்த பள்ளியில் ஏற்கெனவே ஒரு படிவம் கொடுத்துப் பிள்ளைகளிடம் எழுதி வாங்கியிருந்தாங்க. முதல் கேள்வியே, "நீ சூதாட்டத்தில் ஈடுபடுவது உண்டா?" பையன் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டான். அதற்குப் பிறகு வரும் கேள்வி எதற்கும் அவன் பதில் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போச்சு. "ஏன்பா இல்லைன்னு போட்டே?" என்று கேட்டேன். "மிஸ், சூதாட்டம்னா சீட்டுக்கட்டு, மங்காத்தா. அதெல்லாம் நான் ஆடுறதில்ல. நான் டீம்தான் போடுறேன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் அகராதியில் கிரிக்கெட் மேட்சுக்கு டீம் போட்டுக் காசு கட்டுவது சூதாட்டம் இல்லை. கேள்வி கேட்டவர்களுக்கும் பதில் சொன்னவனுக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தை நின்றுவிட்டது. அந்த வார்த்தைக்கு அந்தக் குடும்பம் இரண்டு கடன் கொடுத்தது.

இந்த மாதிரிக் கேள்விப் பட்டியல்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்கிறேன். 1987ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சவுத் ஓக்ஸ் என்ற மருத்துவமனையில், ஹென்றி லெசியூர், ஷீலா புளூம் என்ற இரண்டு பேர் சூதாட்டப் பழக்கத்தைக் கண்டுபிடிக்க 20 கேள்விகள் உருவாக்கினாங்க. அது பெரியவர்களுக்கானது. 1993ல் மின்னசோட்டா மாநிலத்தில் கென் விண்டர்ஸ் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் அதை வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்காக மாற்றினாங்க. அதில் மதிப்பெண் போடுகிற கேள்விகள் 12. நாலும் அதற்கு மேலும் வந்தால் சிக்கல், இரண்டு மூன்று வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்று ஒரு கணக்கு. இங்கிலாந்தில் சூ ஃபிஷர் என்ற அம்மையார் 1992ல் வேறொரு பட்டியல் போட்டார். அங்கே கடற்கரை ஊர்களில் காசு போட்டு ஆடும் மெஷின்கள் உண்டு. பிள்ளைகள் அதில் காசைப் போட்டுக்கொண்டே நிற்பார்கள். அதைப் பார்த்து எழுதிய கேள்விகள் அவை. 2010ல் கனடாவில், பெரியவர்கள் பட்டியலை வெட்டிச் சுருக்காமல் பிள்ளைகளுக்கென்றே ஒன்றை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் செய்தாங்க.

எல்லாம் நல்ல வேலைகள். ஆனால் எதுவும் நம் ஊர்ப் பிள்ளையை மனசில் வைத்து எழுதியது இல்லை. அப்படியே தமிழில் பெயர்த்தால் போதுமா?

உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்றேன். குழு ஆரம்பித்து ஆறு மாதம் ஆனதும் தர மதிப்பீடு செய்ய வந்தாங்க இல்லையா? கூட்டம் ஒழுங்கா நடக்குதா, சேமிப்பு வருதா, உள்கடன் சுத்துதா, திருப்பிக் கட்டுறாங்களா, நோட்டுப் புத்தகம் எழுதுறீங்களா என்று கேட்பாங்க. வேறொரு ஊரில் பேங்க் கடன் வாங்கும் கம்பெனிக்குக் கேட்கிற கேள்வியை நம் குழுவிடம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல குழுவுக்கும் மார்க் போயிருக்கும். கேள்வி நம் குழு நடக்கிற விதத்துக்குப் பொருந்தியிருந்ததால்தான் மார்க்குக்கு அர்த்தம் இருந்தது. பிள்ளைகளிடம் கேட்பதும் அப்படித்தான்.

மொழி மாறாமல் இருந்தால்கூட இந்தச் சிக்கல் உண்டு. கனடாவின் கியூபெக்கில் 2000ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்த 20 கேள்விகளைப் பிள்ளைகளும் பெரியவர்களும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்தாங்க. பலருக்குப் பல கேள்விகள் சரியாகப் புரியவே இல்லை. அர்த்தத்தை விளக்கிவிட்டு மறுபடி கேட்டபோது, "சிக்கலில் இருக்கிறார்" என்ற பட்டியலில் வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. யோசித்துப் பாருங்க. பழக்கமே இல்லாத பிள்ளை மேல் ஒரு முத்திரை விழுந்திருக்கும். அந்தப் பையனின் அம்மா ஊரில் தலைகாட்ட முடியாது. நான் முதலில் சொன்ன பையன் கதையில் நேர் எதிர்: உதவி தேவைப்பட்ட பிள்ளை தப்பிப் போனான். கேள்வி பொருந்தாவிட்டால் இரண்டு பக்கமும் அடி விழும்.

இனி சில கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இழந்த பணத்தைத் திரும்ப ஜெயிக்க வேறொரு நாள் மறுபடியும் போனாயா?" அமெரிக்கப் பட்டியலில் இது முக்கியமான கேள்வி. விட்டதைப் பிடிக்கப் போவதுதான் இந்தப் பழக்கத்தின் வேர். ஆனால் "வேறொரு நாள் போவது" என்பது சூதாடும் இடம் வெளியில் எங்கேயோ இருந்த காலத்துப் பேச்சு. நம் பிள்ளை எங்கேயும் போவதில்லை. போர்வைக்குள்ளே இருக்கான். விட்டதைப் பிடிக்க மறுநாள் வரை காத்திருப்பதும் இல்லை, அடுத்த நிமிஷமே ஆடுகிறான். அதனால், "விட்ட காசைப் புடிக்கணும்னு உடனேயோ மறுநாளோ திரும்ப ஆடினியா?" என்று கேட்கணும்.

அடுத்தது, "பந்தயச் சீட்டையோ லாட்டரிச் சீட்டையோ வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தாயா?" தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரியைத் தடை செய்தாச்சு. திருட்டுத்தனமாக மூணு நம்பர் விற்பவர்கள் இருந்தாலும், பெரும்பாலான பிள்ளைகளிடம் ஒளிக்கச் சீட்டு ஏது? அவன் ஒளிப்பது வேறு. ஆப்பை அழித்துவிட்டு ராத்திரி மறுபடி ஏற்றுவான். பணம் போன மெசேஜை அழிப்பான். அம்மா போனில் ஓ.டி.பி. வந்தால் பார்ப்பதற்குள் எடுத்துவிடுவான். இதைத்தான் கேட்கணும்.

இங்கிலாந்துப் பட்டியலில் ஒரு கேள்வி: "பள்ளியில் சாப்பாட்டுக்கோ பஸ்ஸுக்கோ கொடுத்த காசை எடுத்து ஆடினாயா?" அந்த ஊருக்கு அருமையான கேள்வி. பெரிய திருட்டு என்று நினைக்காமல் பிள்ளை முதலில் கை வைக்கும் காசு எது என்று தெரிந்து கேட்டிருக்காங்க. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மதியம் சத்துணவு, பஸ்ஸுக்கு இலவசப் பாஸ். அந்தக் காசே அவன் கையில் இல்லை! நம் வீட்டில் பிள்ளை முதலில் கை வைக்கும் காசு எது? உங்களைத்தான் கேட்கிறேன். அரிசி டப்பாவில் வைத்த சந்தாப் பணம். கடைக்குக் கொடுத்து அனுப்பின பணத்தில் மிச்சம். பாட்டியின் முதியோர் பென்ஷன். அப்பா ஜிபே பின் நம்பர். இந்தப் பட்டியலை எந்தப் பெரிய டாக்டராலும் எழுத முடியாது. நீங்கள்தான் சொல்லணும்.

"ஆடுவதற்குக் கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருந்தாயா?" நம் பிள்ளைகளுக்குக் கடன் என்றால் பேங்க், வட்டி, குழு. கூடப் படிக்கிறவனிடம் 200 ரூபாய் வாங்கியது கடன் இல்லை, கைமாத்து. "கடன் வாங்கினியா?" என்றால் "இல்ல". "யார்கிட்டயாவது கைமாத்து வாங்கினியா? ஆப்ல லோன் எடுத்தியா?" என்றால் தலையைக் குனிவான்.

"நீ ஆடுவதை யாராவது குறை சொன்னார்களா?" இதில் எதிர்ப்பக்கச் சிக்கல். நம் வீடுகளில் போனைக் கையில் எடுத்தாலே திட்டுதான். பாட்டுக் கேட்டாலும் திட்டு, படம் பார்த்தாலும் திட்டு. அதனால் எல்லாப் பிள்ளையும் "ஆமா" என்பான், ஒரு மார்க் சும்மா ஏறிவிடும். "காசு கட்டி ஆடுறதுக்காகவே யாராச்சும் கண்டிச்சாங்களா?" என்று தனியாகப் பிரித்துக் கேட்கணும்.

"கடந்த 12 மாதங்களில்" என்பதையும் பாருங்க. பதினாலு வயசுப் பிள்ளை பன்னிரண்டு மாதத்தை எண்ணிப் பார்க்க மாட்டான். "போன தீபாவளியில இருந்து இன்னைக்கு வரைக்கும்" என்றால் டக்கென்று மனசில் வரும். அதேபோல "கடன் வாங்கினாயா அல்லது திருடினாயா" என்று இரண்டை ஒன்றாகக் கட்டினால், கைமாத்து வாங்கினவன் "திருடன்னு எழுதிடுவாங்களோ" என்று பயந்து "இல்லை" என்பான். ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் இருக்கணும்.

முதல் கேள்வியில் சூதாட்டம் என்ற சொல்லே வேண்டாம். டீம் போடுறது, ரம்மி, கலர் கேம், கேரம் பெட், தெருக் கிரிக்கெட் பெட், சேவல் கட்டு, தாயம் என்று பேர் சொல்லி, "இதுல எதுலயாச்சும் காசு போட்டிருக்கியா?" என்று கேட்டால் போதும். பொம்பளைப் பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

இப்படி மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கு. ஆளாளுக்கு இஷ்டப்படி மாற்றினால் அதுவும் தப்பாகும். முதலில் இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழில் எழுதுவார்கள். இரண்டையும் சேர்த்து வைத்து ஒன்றாக்குவார்கள். பிறகு ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலத்தில் எழுதுவார். மூலத்தோடு ஒத்துவரலைன்னா எங்கேயோ அர்த்தம் நழுவியிருக்கு என்று தெரிந்துவிடும். அடுத்து, சில பிள்ளைகளை உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக்காட்டி, "இதை உன் வார்த்தையில சொல்லு, நான் என்ன கேக்கிறேன்?" என்று கேட்போம். பதில் வேண்டாம், என்ன புரிந்தது என்பதுதான் வேண்டும். கடைசியாக, அந்தக் கேள்வித்தாளில் வந்த மார்க்கையும், மனநல மருத்துவர் நேரில் பேசிப் பார்த்துச் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். மின்னசோட்டாவில் நாலு மார்க் என்றால் சிக்கல் என்பதால், நம் ஊரிலும் நாலுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

இதில் உங்கள் வேலை எங்கே என்று கேட்பீங்க. பிள்ளைகளின் வார்த்தை உங்கள் காதில்தான் விழுகிறது. எந்தக் காசு எங்கே இருக்கும், எது காணாமல் போகும் என்று உங்களுக்குத்தான் தெரியும். கேள்வித்தாளைத் தமிழில் செய்கிறவர்கள் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கணும். கேட்காவிட்டால் நீங்களே போய்ச் சொல்லணும்.

இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. பக்கத்துக் கேரளாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 5043 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2017ல் வெளியிட்டாங்க. காசு வைத்து ஒரு தடவையாவது ஆடினவர்கள் 27.9 சதவீதம். சிக்கல் என்ற நிலைக்குப் போனவர்கள் 7.1 சதவீதம். அதாவது ஆடிப் பார்த்தவர்களில் நாலில் ஒருவர். அந்தப் பிள்ளைகளிடம் படிப்பில் தோல்வி, குடி, புகையிலை, மன உளைச்சல், தற்கொலை எண்ணம் எல்லாம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன.

சட்டம் வந்திருக்கே என்பீர்கள். உண்மைதான். 2022ல் நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு போட்டாங்க, அதே ஆண்டு தமிழக சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது, 2023ல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டுச் சட்டம் செய்தது. சட்டம் வேண்டும். ஆனால் ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்த பிள்ளையைக் கண்டுபிடித்துக் கைதூக்கிவிடுவது சட்டத்தின் வேலை இல்லை. அது நம் வேலை.

அவ்வளவு பெரிய பட்டியலை நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. 1997ல் அமெரிக்காவில் வந்த ஒரு சின்னக் கேள்வித்தாளில் இரண்டே கேள்விதான். நம் பேச்சில் இப்படிக் கேட்கலாம்:

ஒன்று: "முன்னாடி போட்ட காசு பத்தாம, வரவரக் கூடுதலாப் போடணும்னு தோணுதாப்பா?"

இரண்டு: "எவ்வளவு போட்டே, எவ்வளவு போச்சுன்னு வீட்ல உள்ளவங்ககிட்ட மறைச்சிருக்கியா?"

இரண்டில் ஒன்றுக்கு "ஆமா" என்றாலே, இன்னும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கு என்று அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் குழுக்களில் இருந்து போன தன்னார்வலர்கள் வீடு வீடாக பி.பி. பார்க்கிறாங்க. ஒரு தடவை கூடுதலாகக் காட்டினால் உடனே நோயாளி என்று எழுதிவிடுகிறோமா? மறுபடி பார்க்கச் சொல்வோம், டாக்டரிடம் அனுப்புவோம். இந்தக் கேள்வியும் சல்லடை மாதிரி. எதைக் கையில் எடுத்துப் பார்க்கணும் என்று காட்டும். முடிவு சொல்வது டாக்டரும் ஆலோசகரும்.

கேட்கும்போது கடைப்பிடிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் முன்னாடி கேட்கக் கூடாது. அப்பா கோபத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது. பதில் சொன்ன பிறகு அடிக்கக் கூடாது. அடித்தால் அடுத்த தடவை அவன் உண்மை சொல்ல மாட்டான். எந்தப் பிள்ளையின் பேரும் தீர்மான நோட்டில் ஏறக் கூடாது. குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா மனசு விட்டுச் சொன்னால் அது கூட்டத்தோடு நிற்கணும். அதற்காக அந்த அம்மாவுக்குக் கடன் கொடுக்க யோசிப்பதும் கூடாது. மறைத்து எடுக்கிற கடன்தான் குழுவைச் சாய்க்கும். உள்ளதைச் சொல்ல முடிந்தால் மாடு மாடாகவே வீட்டுக்கு வரும், பிள்ளைக்கு உதவியும் தனியாகக் கிடைக்கும்.

பிள்ளை "செத்துடலாம்னு இருக்கு" என்று சொன்னால், விளையாட்டுக்குச் சொல்றான் என்று விட்டுவிடாதீங்க. தனியா விடாதீங்க. "எவ்வளவு கடன்னாலும் பாத்துக்கலாம், நீ இரு" என்று முதலில் சொல்லுங்க. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். 104ம் இருக்கு. பிள்ளைகளுக்கு 1098. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிட்டுப் போகலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மூன்று விஷயம் எழுதிக்கிட்டு வாங்க. உங்க ஊர்ப் பிள்ளைகள் காசு கட்டி ஆடுவதற்கு என்ன பேர் சொல்றாங்க? எந்தக் காசை எடுக்கிறாங்க? எப்படி மறைக்கிறாங்க? பிள்ளை பேர் வேண்டாம், வீட்டுப் பேர் வேண்டாம். எழுதத் தெரியாதவங்க சொன்னால் ஊக்குநர் எழுதிக்கொள்ளட்டும். எல்லாக் குழுவின் தாளையும் கூட்டமைப்பு அலுவலகத்தில் வாங்கி வைக்கத் தலைவி அக்கா சம்மதித்திருக்காங்க. நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். அதை வைத்து நம் வட்டாரப் பிள்ளைகளுக்குப் புரிகிற கேள்விகளை மருத்துவரோடும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து எழுதுவோம். எழுதியதை முதலில் உங்களிடம்தான் படித்துக்காட்டுவேன். புரியாத வார்த்தை ஒன்று இருந்தாலும் நிறுத்திச் சொல்லுங்க.